லீவில் ஊருக்கு வந்து வைத்தியம்: கேள்வி பதில்

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், "இங்கேயே பார்ப்பதா, ஊருக்கு வந்து பார்ப்பதா" என்ற வகையைச் சேர்ந்தவற்றுக்கும், அதையொட்டி வந்த காப்பீடு, மருந்துக் கேள்விகளுக்கும் இங்கே பதில். பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் செலவை மட்டும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின் வரும் ஆறு வாரத்தை யார், எங்கே பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ஷார்ஜா): அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. சென்னையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். எனக்கு 30 நாள் லீவு. ஆபரேஷன் முடித்து மூன்று வாரத்தில் அம்மாவை என்னோடு திரும்ப அழைத்து வந்துவிடலாமா, சார்?

பதில்: சென்னையில் செய்யுங்கள், நல்ல முடிவுதான். ஆனால் மூன்று வாரத்தில் அழைத்துப் போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்த மாதிரி தோன்றும். தையலோ கிளிப்போ எடுக்க 12 முதல் 14 நாள் ஆகும். முட்டியை 90 பாகைக்கு மேல் மடக்கவும், காலை முழுதாக நீட்டவும் பழக்குவது முதல் ஆறு வாரத்தில்தான். அந்த நாட்களில் வலிக்குப் பயந்து பிசியோதெரபியை விட்டால் முட்டி இறுகிப்போகும், பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிவரும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் இதே வாரங்களில்தான் அதிகம். நான்கு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு விமானத்தில் உட்காருவது அந்த ஆபத்தைக் கூட்டும். ஆறு வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, வீல்சேர் உதவி கேட்டு டிக்கெட் போடுங்கள்.

உங்கள் 30 நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து நாள் பரிசோதனைக்கு: ஈசிஜி, எக்கோ, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர் கல்ச்சர், பல் டாக்டர். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் விரலிடுக்குப் புண் இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், மூட்டையே கழற்றி மாற்ற வேண்டிய நிலை வரும். ஹெச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் தள்ளிப்போடுவார்கள். ஆகவே மூன்று மாதம் முன்பே பார்த்து, சர்க்கரையைக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்கு வந்திறங்கிய பிறகு தெரிந்தால் லீவு முழுக்க வீண். நீங்கள் திரும்பிய பின் அம்மாவோடு தங்க ஒருவரையும், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டையும் இப்போதே பேசி வையுங்கள். இரண்டு முட்டியையும் ஒரே நாளில் செய்வதா என்பதை இதயப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் லீவை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள்.

பேக்கேஜ் விஷயம். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அந்த உத்தரவில் சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், அதிகம் மடங்கும் "ஹை ஃப்ளெக்ஸ்" வகை 56,490 ரூபாய், வரி தனி. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டாயிரம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஹை ஃப்ளெக்ஸ் என்பதால் ஒரு லட்சம் கூடுதல்" என்று யாராவது சொன்னால், அந்த லட்சம் மூட்டுக்கானது அல்ல. இன்றைய உச்சவரம்பு என்ன என்று கேட்டு, பில்லில் மூட்டின் விலையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். கூடுதல் நாள் தங்கல், வேறு துறை டாக்டர் வந்து பார்ப்பது, ரத்தம், உயர்ரக ஆன்டிபயாடிக், ரோபோ உதவியோடு ஆபரேஷன் என்றால் அதற்காக ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொருட்கள் ஆகியவை பொதுவாகப் பேக்கேஜுக்கு வெளியே. "என்னென்ன சேராது" என்பதைத்தான் எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி (சிங்கப்பூர், எஸ் பாஸ்): பித்தப்பையில் கல். இரண்டு தடவை கடும் வலி வந்தது. இங்கே செலவு பயமாக இருக்கிறது. திருச்சியில் போய்ச் செய்துவிட்டு வரலாம் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: தம்பி, முதலில் கம்பெனி ஹெச்ஆரிடம் உங்கள் மருத்துவக் காப்பீட்டு விவரத்தைக் கேளுங்கள். ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கு முதலாளி எடுத்துத்தர வேண்டிய காப்பீடு 2023 ஜூலை 1 முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. முன்பு 15,000தான். முதல் 15,000க்கு மேல் போகும் தொகையில் முதலாளி 25 சதவீதம், காப்பீட்டு நிறுவனம் 75 சதவீதம் என்பது விதி. மருத்துவமனையில் சேர்ந்து செய்வதும், ஒரே நாளில் செய்து அனுப்பும் ஆபரேஷனும் இதில் வரும். உங்களுக்கு இருக்கும் உரிமையை விட்டுவிட்டு விமான டிக்கெட்டும் சம்பள இழப்பும் சுமந்து ஊருக்கு ஓட வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கேட்க, சிங்கப்பூரில் பதிவு பெற்ற டாக்டரின் எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், வேண்டும். திருச்சி டாக்டர் தரும் சான்றிதழை முதலாளி ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. பாரம் தூக்கும் வேலை என்றால் சில வாரம் ஓய்வு தேவைப்படும், அது கணிசமான தொகை.

மஞ்சள் காமாலை, குளிர் காய்ச்சல், முதுகு வரை பரவும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் டிக்கெட் பார்க்காமல் அங்கேயே எமர்ஜென்சிக்குப் போங்கள். கல் நழுவிக் குழாயை அடைத்தால் கணையம் வீங்கிவிடும், அது உயிர் விஷயம்.

கேள்வி (டல்லஸ்): அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 71, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: விலை குறைந்த பாலிசிகள் பெரும்பாலும் "ஃபிக்ஸ்ட் பெனிஃபிட்" வகை. ஒரு நாள் மருத்துவமனைக்கு இவ்வளவு டாலர், ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை உங்கள் தலையில் விட்டுவிடும். அமெரிக்க மருத்துவமனை பில்லுக்கு முன்னால் அந்தப் பட்டியல் எந்த மூலைக்கும் வராது. பட்டியல் தொகையோடு நிற்காமல் பில்லை வைத்துக் கொடுக்கும் "காம்ப்ரிஹென்சிவ்" வகையையே எடுங்கள். டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் கைக்காசாகக் கட்டும் தொகை, கூடினால் பிரீமியம் குறையும், அந்தப் பக்கம் சமாளியுங்கள்.

பழைய நோய்க்கு முழு காப்பீடு கிடைக்காது. "அக்யூட் ஆன்செட்" என்ற பிரிவுதான் கிடைக்கும். முன்னறிகுறி இல்லாமல் திடீரென வர வேண்டும், பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் வைத்தியம் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் நெஞ்சு வலியை "காலையில் பார்க்கலாம்" என்று தள்ளினால் உயிருக்கும் ஆபத்து, கிளெய்மும் போகும். 70 வயதுக்கு மேல் இந்தப் பிரிவின் தொகை பல பாலிசிகளில் சட்டென்று குறையும். அப்பாவுக்கு 71 என்பதால் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டெக்சாஸில் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கடைத்தெரு வளாகங்களில் தனியாக நிற்கும் எமர்ஜென்சி மையங்கள் அங்கே நிறைய. வெளியிலிருந்து பார்த்தால், சின்ன நோய்களை உடனே பார்க்கும் "அர்ஜென்ட் கேர்" கிளினிக் மாதிரியே இருக்கும், பில் மட்டும் முழு எமர்ஜென்சி பில். சளி, வயிற்றுப்போக்குக்கு உள்ளே நுழையும் முன் பலகையில் "எமர்ஜென்சி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு அருகில் ஒரு அர்ஜென்ட் கேர், பாலிசி நெட்வொர்க்கில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனை, இரண்டின் முகவரியையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

உண்மையான ஆபத்து என்றால் தயங்க வேண்டாம். பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்பது 1986 முதல் அங்கே சட்டம். ஆனால் பில் பின்னால் வரும். வந்தால் முழுத்தொகையை உடனே கட்டிவிடாதீர்கள். வரிவாரியான பில் கேளுங்கள், இரண்டு முறை போட்டிருப்பதை நீக்கச் சொல்லுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதி உதவித் திட்டம் கட்டாயம் இருக்கும். முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். விசிட்டர்களுக்குப் பொருந்துமா என்பது அந்தந்த மருத்துவமனையின் விதி, கேட்டுப் பாருங்கள்.

அப்பா கிளம்பும்போது ஆஞ்சியோ சிடி, கடைசி எக்கோ, ஒரு பழைய ஈசிஜி நகல் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பழைய ஈசிஜி கையில் இருந்தால், இந்த மாற்றம் புதிதா பழையதா என்று எமர்ஜென்சி டாக்டரால் அங்கேயே சொல்ல முடியும். தேவையில்லாத அட்மிஷன் பல இந்த ஒரு தாளால் தவிர்ந்துபோகும்.

கேள்வி (அதே டல்லஸ்): என் ஹெச்எஸ்ஏ (வைத்தியத்துக்கென வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) பணத்தில் சென்னையில் நான் வைத்தியம் செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யலாம். இரண்டு நாட்டிலும் சட்டப்படி செல்லும் வைத்தியமாக இருக்க வேண்டும், பில்லும் பணம் கட்டிய ரசீதும் வேண்டும். இந்தியாவில் மருந்து வாங்கி அமெரிக்காவுக்கு மூட்டை கட்டினால் அந்தச் செலவு சேராது.

கேள்வி (டொரண்டோ): எனக்கு நாலு பல்லு இம்ப்ளான்ட் வைக்கோணும். இஞ்ச கேக்கிற காசு கட்டுப்படியாகாது, அரசாங்கப் பல் திட்டத்திலயும் இம்ப்ளான்ட் இல்லையாம். சென்னையில இறங்கி மூண்டு கிழமைக்குள்ள முடிச்சுப்போட்டு யாழ்ப்பாணம் போகலாமோ?

பதில்: கனடாவின் பல் திட்டத்தில் இம்ப்ளான்ட் இல்லை என்பது சரிதான். சென்னையில் செய்வதும் நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு பயணமாகத் திட்டமிடுங்கள். முதல் பயணத்தில் எலும்பில் திருகை இறக்குவார்கள். அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டியிருந்தால் இன்னும் கூடும். மேலே பல் வைப்பது அதற்குப் பிறகுதான். உடனே பல் வைக்கும் முறையும் உண்டு. அது எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும், அதிலும் முதலில் வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல். மூன்று வாரத்தில் நிரந்தரப் பல் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கும் இடத்தைத் தவிருங்கள்.

கிளம்பும்போது இம்ப்ளான்ட் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எழுதிய அட்டையை வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து டொரண்டோவில் திருகு தளர்ந்தால், அந்த மாடலுக்கான கருவி இல்லாமல் அங்கே யாரும் தொட மாட்டார்கள். அதனால் கனடாவிலும் கிடைக்கும் கம்பெனியா என்று முதலிலேயே உங்கள் அங்குள்ள பல் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (லண்டன்): ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையை ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) காட்டினேன். எண்கள் புரியவில்லை என்கிறார்.

பதில்: அலகு வேறு. சர்க்கரை: நம் ஊர் எண்ணை 18ஆல் வகுங்கள், 126 என்பது அங்கே 7. கிரியேட்டினின்: 88.4ஆல் பெருக்குங்கள், 1.2 என்பது அங்கே 106. கொலஸ்ட்ரால்: 38.67ஆல் வகுங்கள். ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பது அங்கே 48, 7 சதவீதம் 53, 8 சதவீதம் 64. மாத்திரையிலும் சிக்கல் வரும். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து தரும் சர்க்கரை மாத்திரைகள் பல அங்கே கிடையாது. பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தையும் மில்லிகிராமோடு எழுதிக் கொடுங்கள்.

ஊரில் மருத்துவமனையில் தங்கியிருந்தால், ஒரு வருடத்துக்குள் அங்கே அட்மிட் ஆக நேரும்போது அதைச் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை, பக்கத்துப் படுக்கைக்காரரின் பாதுகாப்புக்காகத்தான்.

கேள்வி (துபாய்): அப்பாவுக்கு நரம்பு வலி மாத்திரை ஊரிலிருந்து கொண்டு வரலாமா?

பதில்: மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். பிரிகாபலின், டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்குள் உள்ளவை. அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்கி, மருந்துச் சீட்டோடு, ஸ்ட்ரிப்பிலேயே கொண்டு வரவேண்டும். பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவருவதுதான் மிக மோசம். தெரியாத ஒருவர் "அங்கே என் மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்" என்று தரும் மருந்துப் பொட்டலத்தை எக்காரணத்துக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி (நியூஜெர்சி): ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பாலிசி எடுத்திருக்கிறேன். 10 லட்சம் காப்பீடு. இருந்தும் கிளெய்மில் பாதிதான் வந்தது. ஏன்?

பதில்: அறை வாடகை வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். பாலிசியில் நாளுக்கு 5,000 என்று இருந்து, 8,000 ரூபாய் அறை எடுத்தால், வெட்டு வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் எட்டில் ஐந்து பங்குதான் வரும். அந்தக் கட்டணங்கள் 2 லட்சம் என்றால் 1,25,000 மட்டும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணத்தில் இப்படி வெட்டக்கூடாது, வெட்டியிருந்தால் எழுத்து மூலம் எதிர்த்துக் கேளுங்கள். அடுத்த முறை அறை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறுங்கள். முறையாக போர்ட் செய்தால் (பழைய பாலிசியைத் தொடர்ச்சி விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றினால்) ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். 2024 விதிப்படி பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

கேள்வி (கோலாலம்பூர்): நான் மலேசியக் குடிமகன், கிட்னி பழுது. தஞ்சாவூரில் இருக்கும் மச்சான் கிட்னி தரத் தயார். சென்னையில் மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. கொடுப்பவர் இந்தியர், பெறுபவர் வெளிநாட்டவர் என்றால் நெருங்கிய உறவு மட்டுமே அனுமதி. மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்: இவ்வளவுதான் பட்டியல். மச்சான் அதில் இல்லை. பட்டியலில் உள்ளவர் என்றாலும் அங்கீகாரக் குழுவின் முன் அனுமதியும், உறவை உறுதிசெய்யும் தூதரகச் சான்றும் வேண்டும். "பேப்பர் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வரும் ஏஜென்டிடம் பேசவே வேண்டாம், அது சிறைக்குப் போகும் குற்றம். மலேசியாவில் உள்ள உங்கள் உடன்பிறந்தவர்களில் யாருக்குப் பொருந்துகிறது என்று முதலில் அங்கேயே பாருங்கள்.

கேள்வி (தோஹா): புற்றுநோய் என்று பயாப்ஸி இங்கே வந்துவிட்டது. வேலூருக்கோ அடையாறுக்கோ போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

பதில்: ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், "பாரஃபின் பிளாக்" என்று கேளுங்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும், சில நாள் ஆகும், ஆகவே இன்றே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் போனால் ஊரில் மறுபடி ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டிவரும், ஒரு வாரம் வீணாகும். ஸ்கேன் எடுத்திருந்தால் பிலிம் வேண்டாம், முழு படங்களும் உள்ள சிடி வேண்டும். பிளாக்கைக் கைப்பையில் வையுங்கள். காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.