ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தும்போது எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

சகோதரருக்கு வணக்கம். படுவான்கரை வயல் வீதிகளில் ஓடும் உங்கள் ஜேபி43 ரக சுசுகி ஜிம்னி ஜீப்பை 2 அங்குலம் உயர்த்துவதற்கு ஸ்பிரிங்குகள் நான்கையும் வாங்கிவிட்டதாகவும், பழைய பாகங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம்கள் வளையாமலும் துருவேறாமலும் இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் உயரம் கூடும்போது முன் அச்சு சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு, குறைவதால், ஆர்ம்களின் அச்சுப் பக்கத்து ரப்பர் புஷ்களைத் துளை மையம் விலகிய திருத்தப் புஷ்களாக மாற்றாவிட்டால், கல்முனை வீதியில் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாமல் அலையும்.

அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நீளம் மாறாத கம்பி சாய்வதால் அச்சு சில மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன் ஸ்டெபிலைசர் கம்பியையும் கழற்றாதீர்கள்.

பழைய ஷொக் அப்சோபர்களில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன், வாய்க்கால் வரம்பில் ஒரு சக்கரம் தொங்கியபோது, நீட்சி போதாத ஷொக்கின் மேற்புஷ் கிழிந்துவிட்டது. புதியவற்றைப் பூட்டியபின், சட்டகத்தை ஜாக்கில் உயர்த்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, பிரேக் குழாய்கள் விறைக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். விறைத்தால் நீளமான குழாய் தேவை.