அத்திமரம் செய்த குற்றம் என்ன?

அன்புள்ள ஐயா,

மாற்கு சுவிசேஷம் 11:13-ல் 'அத்திப்பழக்காலமாயிராதபடியால்' மரத்தில் இலைகளைத் தவிர ஒன்றும் இல்லை என்று வருகிறது. அடுத்த வசனத்திலேயே இயேசு அதைச் சபிக்கிறார். பருவம் இல்லாதபோது காய்க்காதது மரத்தின் குற்றமா? 'காலம் வாய்க்காவிட்டாலும் கனி கொடு' என்று எங்கள் சபையில் பிரசங்கித்தார்கள். மனம் ஒப்பவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் ஒப்பவில்லை. ஏற்கெனவே ஓய்ந்துபோய்ச் சபைக்கு வருகிறவர்களிடம் 'இன்னும் கொடு' என்று சொல்ல இந்த வசனத்தை எடுப்பது வேதனையானது. மாற்கு அதைச் சொல்லவில்லை.

முதலில் மரம். நம் ஊர் அத்தி அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்ப்பது. இயேசுவின் நாட்டில் உள்ளது நாம் சீமை அத்தி என்கிறோமே, அது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து, யூதரின் பஸ்கா பண்டிகை வரும் மார்ச், ஏப்ரலில் துளிர்க்கும். துளிரோடு பிஞ்சும் பிடிக்கும். பழுக்க ஜூன் ஆகும். அதனால் தழைத்து நிற்கும் மரத்தில் பழம் இல்லாவிட்டாலும் பிஞ்சாவது இருக்கும் என்று நம்பிப் போகலாம். பலர் இந்த விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. காலம் அல்ல என்பதை மாற்கு ஏன் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும்?

இரண்டு வசனம் முன்னால் போங்கள். இயேசு எருசலேம் ஆலயத்துக்குள் போய், 'எல்லாவற்றையும் சுற்றிப்பார்த்து', பொழுது சாய்ந்ததால் பெத்தானியாவுக்குத் திரும்புகிறார். மறுநாள் வழியில் மரம். அன்றே ஆலயத்தில் காசு மாற்றும் காசுக்காரரின் பலகைகளை அவர் கவிழ்க்கிறார். அடுத்த காலையில் அதே மரம் வேரோடே பட்டுப்போயிருக்கிறது. யவீருவின் மகள் கதைக்கு நடுவே பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையை வைத்தவர் மாற்கு. இங்கே மரத்தின் கதைக்கு நடுவே ஆலயத்தை வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை, கிட்டே போனால் வெறும் இலை என்பது ஆலயத்தின் நிலை. இயேசு அங்கே சொல்லும் 'கள்ளர் குகை' எரேமியா தீர்க்கதரிசியின் சொல் (எரேமியா 7:11). அதே பேச்சின் தொடர்ச்சியில், 8:13-ல், 'அத்திமரத்திலே அத்திப்பழங்கள் இராது' என்று வருகிறது. வேதம் அறிந்த காதுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்டிருக்கும்.

இனி அந்த 'காலம்'. கிரேக்கத்தில் அது கைரோஸ். இயேசு ஊழியத்தைத் தொடங்கும்போது 'காலம் நிறைவேறிற்று' (1:15) என்கிறாரே, அங்கேயும் அதே சொல். காலம் வந்துவிட்டது என்று அறிவித்தவர் தேடி வந்து நிற்கும்போது, ஆலயத்துக்கு மட்டும் இன்னும் காலம் வரவில்லை. அந்த வாக்கியத்தின் கசப்பு இதில்தான் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். மரம் குற்றவாளி அல்ல, எஸ்.; எருசலேமின் அழிவுக்கு அடையாளமாக எரேமியா உடைத்துக் காட்டிய மண்கலசம் குற்றம் செய்ததா?

வசன எண்கள் 1551-ல்தான் புதிய ஏற்பாட்டுக்குள் வந்தன. அவற்றை மறந்துவிட்டு 11:11 முதல் 12:12 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இயேசு சொல்லும் உவமையில், திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரன் தன் பாகத்தை வாங்கிவர 'பருவக்காலத்திலே' ஆள் அனுப்பும் இடம் வரும். அங்கேயும் கிரேக்கத்தில் கைரோஸ்தான்.