ரிமோட் டெஸ்க்டாப் சர்வருக்கு எத்தனை லைசென்ஸ் வாங்க வேண்டும்? ரேம் கூட்டினால் வேகம் வருமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: விண்டோஸ் சர்வர் 2019, ஒரே மெஷின், டொமைன் (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, 25 பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில் நுழைந்து டாலி, எக்செல், குரோம் ஓட்டுகிறார்கள். நாலு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு இப்போது லைசென்ஸ் சர்வர் (வாங்கிய லைசென்ஸ்களை வைத்து வழங்கும் சர்வீஸ்) இல்லை என்று வெளியே தள்ளுகிறது, காலையில் லாகின் ஆவதற்குள் டீ ஆறிவிடுகிறது, வெண்டரோ ரேமை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்.

நாலு மாதம் என்றதுமே விஷயம் தெரிந்துவிட்டது. செஷன் ஹோஸ்ட் ரோல், அதாவது பலர் ஒரே நேரத்தில் உள்ளே வர இடம் கொடுக்கும் வசதி, போட்ட நாளிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் ஓட 120 நாள் சலுகைக் காலம், அது முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போதைக்கு உள்ளே போக, ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கும் எம்எஸ்டிஎஸ்சி (mstsc) கட்டளையோடு ஸ்லாஷ் அட்மின் சேர்த்துப் போடுங்கள், நிர்வாக வேலைக்கு இரண்டு செஷன் வரை சிஏஎல் (நுழைபவருக்கான லைசென்ஸ், கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ்) இல்லாமலே கிடைக்கும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) சலுகைக் காலத்துக்கான கிரேஸ் பீரியட் கீயை அழித்துவிட்டால் மறுபடி 120 நாள் வரும் என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது லைசென்ஸ் மீறல், இன்வாய்ஸும் கணக்கும் ஓடுகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, எத்தனை வாங்குவது? பலர் தடுக்கி விழும் இடம் இது. "ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பத்துப் போதும்" என்ற கணக்கு மைக்ரோசாஃப்டிடம் செல்லாது, ஒரே நேரத்துக் கணக்கு என்ற ஒன்றே ஆர்டிஎஸ்ஸில் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) இல்லை. ஒன்று ஆளுக்கு ஒன்று, அல்லது கருவிக்கு ஒன்று. ஷிஃப்ட் மாறி மாறி ஒரே மேசையில் உட்காருகிற இடமென்றால் கருவிக் கணக்குதான் லாபம், ஒரே ஆள் ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப், மொபைல் என்று மூன்றிலும் நுழைவார் என்றால் ஆள் கணக்கு. ஆனால் உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: டொமைன் இல்லை என்றீர்கள். 2019-இல் ஒர்க்குரூப்பில், அதாவது டொமைன் இல்லாமல், இருந்துகொண்டு பெர் யூசர் (ஆள் கணக்கு) மோடு வைத்தால் ஒவ்வொரு செஷனையும் 60 நிமிடத்தில் துண்டித்துவிடும். காசு கொடுத்து சிஏஎல் வாங்கிப் போட்ட பிறகும் மணிக்கொருமுறை ஆள் வெளியே வந்து விழுவார், ஏனென்று யாருக்கும் புரியாது. ஆகவே ஒன்று டொமைன் போடுங்கள், இல்லையென்றால் பெர் டிவைஸ் (கருவிக் கணக்கு) வாங்குங்கள். பெர் டிவைஸில் புதுக் கருவிக்கு முதலில் 90 நாள் தற்காலிக லைசென்ஸ்தான் போகும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

இன்னும் இரண்டு மூன்று சேதி. ஆர்டிஎஸ் சிஏஎல் வாங்கினால் சாதாரண விண்டோஸ் சர்வர் சிஏஎல் தேவையில்லை என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேண்டும். சிஏஎல்லின் வெர்ஷன் செஷன் ஹோஸ்டுக்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும், ஆனால் 2022 சிஏஎல்லை 2019 லைசென்ஸ் சர்வரில் ஏற்ற முடியாது, ஆர்டர் போடும் முன் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எக்செல் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் வருகிறது என்றால் ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் (பலர் பகிரும் ஒரே மெஷினில் ஓட்டும் அனுமதி) உள்ள பிளானா என்று பாருங்கள், ஆப்ஸ் ஃபார் பிசினஸில் அது கிடையாது. எல்லாம் ஏற்றிய பிறகும் அதே எர்ரர் வந்தால் சிக்கல் எங்கே என்று காட்டும் லைசென்சிங் டயக்னோசரைத் திறங்கள். பாதி நேரம் சிஏஎல் இருக்கும், எந்த லைசென்ஸ் சர்வர், எந்த மோடு என்பதை குரூப் பாலிசியில் (விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது வேகம். ரேம் வாங்கும் முன் அளந்து பாருங்கள். சர்வர் 2019-இல் யூசர் இன்புட் டிலே என்று ஒரு கவுண்டர் புதிதாக வந்தது. ஆள் கீபோர்டில் தட்டியதை அந்த புரோகிராம் கையில் எடுக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று செஷன்வாரியாகவும் புராசஸ்வாரியாகவும் காட்டும். ரெஜிஸ்ட்ரியில் டெர்மினல் சர்வர் கீயின் கீழ் எனேபிள் லேக் கவுண்டர் என்ற மதிப்பை 1 ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்து, காலை நெரிசல் நேரத்தில் பெர்ஃப்மானில் (விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்) ஓடவிடுங்கள். எல்லாருக்கும் ஏறுகிறதா, ஒரே ஒரு செஷனில் மட்டும் ஏறுகிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பக்கத்திலேயே டிஸ்க் க்யூவையும் (டிஸ்கில் காத்து நிற்கும் வேலைகள்) மீதி ரேமையும் வைத்துப் பாருங்கள். சாதா ஹார்டு டிஸ்கில் 25 பேரின் புரொஃபைல், டாலி டேட்டா, ஆன்டிவைரஸ் ஸ்கேன் மூன்றும் உட்கார்ந்திருந்தால் ரேமை எவ்வளவு கொட்டினாலும் பிரயோஜனமில்லை, எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

ரேம் உண்மையிலேயே தீர்ந்திருந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள், டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்துக்குப் போய் எத்தனை பேர் டிஸ்கனெக்டட் என்று எண்ணுங்கள். மேலே எக்ஸை அழுத்திவிட்டுப் போனால் லாக் ஆஃப் ஆகாது, நேற்று மாலை கிளம்பியவரின் குரோம் டேபும் எக்செலும் அப்படியே உள்ளே குந்திக்கொண்டிருக்கும். டிஸ்கனெக்ட் ஆன செஷனை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்படி பாலிசி போடுங்கள். முதல் நாள் சேவ் செய்யாத ஷீட் போய்விட்டது என்று சண்டைக்கு வருவார்கள், அதனால் முன்கூட்டியே வாட்ஸப் குரூப்பில் சொல்லிவிட்டு போடுங்கள்.

லாகின் மட்டும்தான் இழுக்கிறது, கருப்புத் திரை வருகிறது, ஸ்டார்ட் மெனு திறக்க மறுக்கிறது என்றால் வேறு இடத்தில் பாருங்கள். 2016, 2019 இரண்டிலும் ஒவ்வொரு லாகினுக்கும் ஃபயர்வால் ரூல்கள் (எந்த இணைப்பை விடலாம் என்ற விதிகள்) புதிதாக எழுதப்பட்டு, லாக் ஆஃப் ஆன பிறகும் அழியாமல் குவியும். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் சர்வர் ஊர ஆரம்பிக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஃபயர்வால் பாலிசி கீயின் கீழ் டெலீட் யூசர் ஆப் கன்டெய்னர்ஸ் ஆன் லாகாஃப் என்பதை 1 ஆக்கினால் இனிமேல் குவியாது, ஏற்கெனவே குவிந்ததை ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: வெளியிலிருந்து நுழைய ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராகத் திறந்து வைத்திருக்கிறீர்களா? ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து 4625 (தோற்றுப்போன லாகின் முயற்சியின் எண்) என்று ஃபில்டர் போடுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் யார் யாரோ அட்மின் பெயரில் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பது வரிசையாகத் தெரிந்தால், உங்கள் சிபியூவில் ஒரு பங்கை அவர்களும் தின்றுகொண்டிருக்கிறார்கள். அந்தப் போர்ட்டை இன்றே மூடிவிட்டு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் விடுங்கள், லைசென்ஸ் ஆர்டர் நாளைக்குப் போனாலும் பரவாயில்லை.