லென்ஸ் போடுற கண்ணு சிவந்து வலிச்சா மெட்ராஸ் ஐ தானா?

கேள்வி: வயசு 21, ஹாஸ்டல்ல இருக்கேன். சொல்யூஷன் தீந்துபோச்சுன்னு ரெண்டு நாள் லென்ஸை குழாய்த் தண்ணில ஊறவெச்சுப் போட்டேன். இப்ப வலது கண்ணு சிவந்து வலிக்குது, லைட்டைப் பார்க்க முடியல. மெட்ராஸ் ஐன்னு மெடிக்கல் ஷாப்ல டிராப்ஸ் குடுத்தாங்க, அதையே போடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா. லென்ஸைக் கழட்டிட்டு இன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. மெட்ராஸ் ஐன்னா உறுத்தும், பீளை கட்டும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வந்துடும். லென்ஸ் போடுறவங்களுக்கு ஒரே கண்ணுல வலி, கூச்சம்னா கருவிழில புண்ணான்னு தான் முதல்ல பார்க்கணும். சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியாவா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே கருவிழியைக் கரைச்சுடும்.

குழாய்த் தண்ணின்னீங்க பாருங்க, எனக்கு அதான் பயம். அகாந்தமீபான்னு ஒரு அமீபா, குழாய்த் தண்ணி, ஓவர்ஹெட் டேங்க், ஸ்விம்மிங் பூல்னு எங்கயும் இருக்கும், முகம் கழுவுறப்ப எல்லார் கண்ணுலயும் படுது, ஒண்ணும் ஆகுறதில்ல, ஆனா லென்ஸுல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா கருவிழி மேலயே இருந்தா மெல்ல உள்ள இறங்கிடும், மருந்து பட்டா தன்னைச் சுத்தி ரெட்டைச் சுவர்ல ஓடு கட்டிக்கும், அந்தச் சுவரை பூல்ல போடுற குளோரின்கூட ஒண்ணும் பண்றதில்ல. அதான் மாசக்கணக்குல வைத்தியம் இழுக்குது, ஆரம்பத்துல ராத்திரி பகலா மணிக்கொருதரம் மருந்து விடணும். ஆர்ஓ தண்ணி, கேன் தண்ணியும் லென்ஸுக்கு ஆகாது.

அந்த டிராப்ஸ் லேபிள்ல டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. ஸ்டீராய்டு அது. சிவப்பு குறைஞ்சு ரெண்டு நாள் நல்லா இருக்குற மாதிரி இருக்கும், உள்ள கிருமி பெருகிட்டே போகும். இதுல ஏமாந்து லேட்டா வர்றவங்களைப் பார்த்தா மனசு ஆறவே மாட்டேங்குது.

போறப்ப டிராப்ஸ், கழட்டின லென்ஸ், கேஸ் எல்லாத்தையும் கழுவாம அப்படியே எடுத்துட்டுப் போங்க. கேஸ் அடியில விரல் வெச்சா வழவழன்னு ஒரு படலம் இருக்கும், கிருமி அதுலதான் குடியிருக்கு, லேப்ல அதையும் டெஸ்ட் பண்ணலாம். பாக்டீரியா தடவின தட்டுல வெச்சா அமீபா அதைத் தின்னுக்கிட்டே ஊர்ந்த தடம் மைக்ராஸ்கோப்புல தெரியும். குழாய்த் தண்ணில ஊறவெச்சதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, திட்டுவாங்கன்னு பயப்படாதீங்க, ஏன்னா ஆரம்பத்துல இந்த அமீபா புண்ணு, அக்கி வகை ஹெர்பீஸ் வைரஸ் புண்ணு மாதிரியே இருக்கும், அதுக்கு வைத்தியம் பண்ணியே வாரக்கணக்கு போயிடும்.

குணமானப்புறம் லென்ஸ் எப்பன்னு டாக்டர் சொல்லட்டும். இந்த லென்ஸும் கேஸும் திரும்ப வேண்டாம். புது கேஸை மூணு மாசத்துக்கொருதரம் மாத்துங்க, பழைய சொல்யூஷன் மேலயே புதுசை ஊத்தாதீங்க, லென்ஸோட தூங்காதீங்க, சொல்யூஷன் தீந்தா அன்னிக்கு கண்ணாடி போட்டுக்குங்க.