31 பேரைக் கேட்டீர்கள், மகளைக் கேட்டீர்களா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், வீட்டிலிருந்தே போய் வருகிறாள். அவள் டாக்டராக வேண்டும் என்பது எங்கள் கனவு. இதுவரை 60 கிரெடிட் முடித்திருக்கிறாள், ஜி.பி.ஏ. 3.8. இந்த செமஸ்டரில் எடுத்திருக்கும் 14 கிரெடிட்டில் 3 கிரெடிட், யூதவியல் துறையின் தல்மூத் (யூதர்களின் பழைய சட்ட விவாத நூல்) அறிமுக வகுப்பு. அந்தப் பேராசிரியரைப் பற்றி முன்பு படித்த மாணவர்கள் எழுதிய 31 கருத்துகளைப் படித்தேன். ‘கேட்டால் நேராகப் பதில் சொல்லமாட்டார்’, ‘ஒரு பக்கத்தை ஒரு வாரம் ஓட்டுவார்’, ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார்’, ‘ஏ வாங்குவது கஷ்டம்’, ‘ஹீப்ரு தெரிந்தவர்களுக்குத்தான் சாதகம்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. அவருடைய இஸ்ரேல் நிலைப்பாடு பிடிக்கவில்லை என்றும் நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். இப்போது ஐந்தாவது வாரம். விலகிவிடு என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். செவ்வாயும் வியாழனும் ராத்திரியில் வகுப்புத் தோழியோடு போனில் அதே ஐந்து வரியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சண்டை வேறு. யாரோ இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். தம்பி தூங்கவேண்டுமே என்று போனை வைக்கச் சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘சண்டை வேறு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அதைப் பேசுவோம். அது சண்டை இல்லை. அதற்கு ஹவ்ருத்தா என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, மறுத்ததை இவர் மீண்டும் மறுத்துக் கற்பது. யூதர்களின் கல்விக்கூடங்களில் தல்மூத்தை அப்படித்தான் படிக்கிறார்கள். அங்கே படிப்பறைக்குள் நுழைந்தால் சந்தைக்கடைச் சத்தம் கேட்கும். உங்கள் மகள் ஐந்தே வாரத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். அந்த ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதற்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே வாரத்தில் இரண்டு இரவு சாட்சி கிடைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள்.

நம் நன்னூல் இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. தல்மூத்தில் ரப்பி ஹனினா சொல்கிறார்: ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிட நிறைய, மாணவர்களிடம் எல்லாரையும்விட நிறைய. நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ வைக்கச் சொன்னது போனை அல்ல, அந்த இரண்டாவது கால் பங்கை.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த துணி எது என்றும் சொல்லிவிடுகிறேன். பாவா மெட்சியா என்ற பகுதியின் முதல் பக்கம் அது. இரண்டு பேர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு வழக்குக்கு வருகிறார்கள். ‘நான்தான் கண்டெடுத்தேன், முழுதும் எனது’ என்கிறான் ஒருவன். மற்றவனும் அதையே சொல்கிறான். ‘இதில் என் பங்கு பாதிக்குக் குறையாது’ என்று இருவரும் சத்தியம் செய்துவிட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது தீர்ப்பு. பாதிக்குக் குறையாது என்று ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் சத்தியம்? முழுதும் எனது என்று சத்தியம் செய்தாலும் கையில் கிடைக்கப்போவது பாதிதான். பாதி எனது என்று சத்தியம் செய்தாலோ, முதலில் சொன்ன வார்த்தையைத் தானே கெடுத்துக்கொள்கிறான். அடுத்த வரி இன்னும் கடினம். ஒருவன் முழுதும் எனது என்கிறான், மற்றவன் பாதி எனது என்கிறான். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். எப்படி முக்கால் வந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொல்லத் தெரிந்தவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இனி அந்த 31 கருத்துகள். நேராகப் பதில் சொல்லமாட்டார் என்பது ஆசிரியர் மேல் புகாரே இல்லை, பாடத்தின் வர்ணனை. தல்மூத் தொடங்குவதே கேள்வியில்தான்: மாலையில் ஷெமா என்ற வழிபாட்டு வரிகளை எந்த நேரத்திலிருந்து ஓதலாம்? தீராத வாதங்களை ‘தேய்கூ’, அதாவது நிற்கட்டும், என்று சொல்லி அப்படியே விட்டுவிடும் நூல் அது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்பதும் அப்படித்தான். நடுவில் மிஷ்னா என்ற மூலமும் அதன்மேல் நடக்கும் கெமாரா என்ற விவாதமும், உட்பக்க ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, வெளி ஓரத்தில் அவருக்குப் பின் வந்தவர்களின் தோசஃபோத் என்ற உரை. 1520களில் வெனிஸ் நகரில் டேனியல் பொம்பெர்க் அச்சிட்ட காலத்திலிருந்து பக்கத்தின் அமைப்பு இதுதான். பரிமேலழகர் உரையோடு பத்துக் குறளை ஒழுங்காகப் படித்தவர்கள், அறிமுக வகுப்பில் ஒரு வாரம் என்பதை மெதுவாகப் போவதாகச் சொல்லமாட்டார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வெட்கப்படுகிறவன் கற்கமாட்டான், கடுகடுப்பவன் கற்பிக்கமாட்டான் என்பது ஹில்லேல் என்ற பெரியவரின் வாக்கு. அதன் இரண்டாவது பாதிதான் ஆசிரியரை அளக்கும் கோல். கேள்வி கேட்டால் எள்ளினார், மட்டம் தட்டினார், கத்தினார் என்று வெவ்வேறு செமஸ்டர்களில் மூன்று பேர் எழுதியிருந்தால் நானே விலகச் சொல்லியிருப்பேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை. இஸ்ரேல் பற்றி எழுதியவர்களை ஒதுக்கிவிடுங்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்லாத கருத்து, எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும், வகுப்பைப் பற்றிய கருத்து ஆகாது. ஏ கிடைக்காததை மட்டும் எழுதியவர்களுக்கு நன்னூல் வைத்த பெயர் நெய்யரி. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் மாணாக்கர். யூதர்களின் ஆவோத் நூலிலும் இதே வடிகட்டி உண்டு, அங்கே நெய்க்குப் பதில் திராட்சை ரசம்.

ஒரு செய்தியும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் கால்குலஸ் ஆசிரியர்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஆய்வில், மாணவர்களிடம் அதிகப் புள்ளி வாங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கியது தெரியவந்தது.

பொருட்படுத்தவேண்டியது ஹீப்ரு பற்றிய புகார் ஒன்றுதான். சிலபஸை எடுத்து, தேர்வு மூலத்திலிருந்தா மொழிபெயர்ப்பிலிருந்தா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் பயமில்லை. செஃபாரியா தளத்தில் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஹீப்ரு தெரியாதவர்கள் தடுக்கி விழும் இடம் அங்கேதான். தடித்த எழுத்தில் இருப்பது தல்மூத்தின் சொற்கள், மெல்லிய எழுத்தில் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் விளக்கம். இரண்டையும் சேர்த்து ‘தல்மூத் சொல்கிறது’ என்று கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். முதல் வாசிப்பில் தடித்த எழுத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கட்டும். இரண்டாவதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கேள்வியா, விடையா, மறுப்பா, சான்றா என்று பென்சிலால் குறிக்கட்டும். அதற்குப் பிறகுதான் தோழியோடு பேச்சு, பாதி நேரம் ஆனதும் கட்சி மாறவேண்டும். தீராமல் நிற்கும் ஒரே ஒரு கேள்வியோடு, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருக்கும் நேரத்தில் அவரிடம் போகட்டும், பத்து நிமிடம் போதும். இதைக் கதை படிப்பதுபோல மௌனமாகப் படிப்பவர்கள்தான் செமஸ்டர் முடிவில் ‘ஒன்றும் புரியவில்லை’ என்று எழுதுகிறவர்கள்.

நீங்கள் பயப்படுவது ஜி.பி.ஏ.வுக்கு. சரி, கணக்குப் போடுங்கள். இந்த வகுப்பில் பி வாங்கினால் 63 கிரெடிட்டுக்கு 3.76. இழப்பு 0.04. மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் சேர்த்து ஒரு தனிச் சராசரி போடுவார்கள், அதை இந்த வகுப்பு தொடவே தொடாது. மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் நுழைவுத் தேர்வில் கார்ஸ் என்ற பகுதி 90 நிமிடம், 53 கேள்வி. எல்லாம் முன்பின் பார்த்திராத மானுடவியல், சமூகவியல், தத்துவப் பத்திகளைப் பிரித்துப் பார்ப்பது. அறிவியல் மட்டுமே படித்த பிள்ளைகள் திணறுவது அங்கேதான். இன்னொன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை. 14இல் 3 போனால் 11. 12க்குக் கீழே போனால் முழுநேர மாணவி இல்லை, உதவித்தொகை வாங்கினால் அது குறையலாம். ஐந்தாவது வாரத்தில் விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் காட்டும் டபிள்யூ என்ற எழுத்தும் விழும். 0.04ஐக் காப்பாற்ற இவ்வளவையும் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

தகப்பன் மகனுக்குச் செய்யவேண்டியவற்றைத் தல்மூத் ஓரிடத்தில் எண்ணுகிறது. வேதம் கற்பிக்கவேண்டும், மணம் முடிக்கவேண்டும், ஒரு தொழில் கற்பிக்கவேண்டும். நீந்தவும் கற்பிக்கவேண்டும் என்கிறார்கள் சிலர். மகளுக்கும் அதுவே கடமை என்பேன் நான். தொழிலை நீங்கள் விடாமல் பிடித்திருக்கிறீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை தண்ணீரில் இறங்கிக் கையைக் காலை அடிக்கிற நேரத்தில் கரையேறு என்று கத்துவது தகப்பனின் வேலை இல்லை. முகம் தெரியாத 31 பேர் எழுதியதை உட்கார்ந்து படிக்க நேரம் இருந்த உங்களுக்கு, அந்த ஐந்து வரி என்ன என்று மகளிடம் கேட்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் பொறுக்கமுடியாதது அதுதான்.

செமஸ்டர் முடிவில் அவளும் அந்த ஆசிரியரைப் பற்றி எழுதவேண்டி வரும். எழுதட்டும், குறை இருந்தால் குறையையும். எந்தப் பக்கம் நடத்தியபோது, என்ன கேட்டபோது, அவர் என்ன செய்தார் என்று எழுதவேண்டும். ‘கஷ்டம்’, ‘சூப்பர்’ என்று ஒரு சொல்லில் முடித்தால் அடுத்து வருகிற பிள்ளையின் அப்பாவும் உங்களைப் போலத்தான் குழம்புவார்.

வியாழக்கிழமை தம்பியை உங்கள் அறையில் படுக்க வையுங்கள். அவள் போனை எடுப்பதற்கு முன்னால் அவளிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஏம்மா, அவனுக்கு எப்படி முக்கால் வந்தது?”