ஆங்கிலச் சொற்கள் மனதில் தங்க, அகராதிப் பொருளையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். வங்கித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பார்த்தால் அர்த்தம் தெரிகிறது. எழுதப் போனால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவில் ஒரு கோடு. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கையில் இருப்பதும் இதே நோட்டுதான். அதில் வாக்கியம் இல்லை. உங்களுக்கு எழுத வராததற்குக் காரணம் அதுதான், ஞாபக சக்தியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

'ரெஃப்யூஸ்', 'டினை' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேரே நோட்டில் 'மறு' என்றுதான் இருக்கும். அதை நம்பி எழுதினால் "ஹி டினைட் டு கம்" என்று வரும். அது தவறு. ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் நடுவே வேலி தெரியும். கேட்டதைச் செய்யமாட்டேன், கொடுக்கமாட்டேன், வாங்கமாட்டேன் என்பது ரெஃப்யூஸ். சொல்லப்பட்ட ஒன்று உண்மையில்லை என்பது டினை. அதன் முதல் பொருள் அதுதான். இனி எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ரெஃப்யூஸுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப 'டு' வரும், அதன் பின் ஒரு வினைச்சொல். டினைக்குப் பின்னால் பல இடங்களில் 'தட்' வரும், அப்புறம் ஒரு முழு வாக்கியம்.

இதை நண்டு விற்கிற வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சொன்னபோது அவளே இரண்டு வாக்கியம் எழுதினாள். "மை மதர் ரெஃப்யூஸ்டு டு செல் தி க்ராப்ஸ் அட் தட் ப்ரைஸ்." "தி ட்ரேடர் டினைட் தட் ஹி ஹேட் ப்ராமிஸ்டு எ ஹையர் ப்ரைஸ்." அம்மா அந்த விலைக்கு விற்க மறுத்தாள், வியாபாரி, கூடுதல் விலை தருவதாகச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். இரண்டு சொல்லும் தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அவளுக்கு இனி இவை குழம்பாது, ஏனென்றால் அது அவள் வீட்டு வாசலில் நடந்த பேச்சு.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். பொருளை ஆங்கிலத்தில் படியுங்கள், சொல்லின் எல்லை தெரியும். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் மூன்றையாவது படியுங்கள், அதன் முன்னும் பின்னும் யார் வருகிறார்கள் என்று தெரியும். பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். மூன்றாவது வேலையைச் செய்யாதவரை அந்தச் சொல் அகராதியின் சொல்தான், உங்களுடையது இல்லை.

எந்த அகராதி என்பதில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் பிறந்தவருக்காக எழுதிய அகராதி நமக்கு உதவாது. ஒரு கடினமான சொல்லுக்கு அதைவிடக் கடினமான இரண்டு சொற்களைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கிறவர்களுக்கென்றே எழுதிய அகராதிகள் தனி. இந்த வேலையில் முன்னோடிகளில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், அன்றைய வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றியவர். நம் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தோடு படும் பாட்டை நேரில் பார்த்தவர். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 பதிவுகளுக்கு வெறும் 1,490 சொற்களை வைத்தே பொருள் சொன்னது. ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான். 1978இல் வந்த லாங்மேன் அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் சொல்வது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது.

அந்த 2,000தான் உங்களுக்கு முதல் படி. அவை கைவசம் இருந்தால் மற்ற சொற்களின் பொருளை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்ளலாம். அதுவரை தமிழ் அர்த்தத்தைப் பார்ப்பதில் குற்றமே இல்லை. தமிழைத் தொடாதே என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தமிழ் அர்த்தத்தை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே வாக்கியத்தோடு போங்கள்.

1987இல் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அதில் பொருளே முழு வாக்கியமாக இருக்கும். 'நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால், இன்னது நடக்கிறது' என்ற வடிவம். பொருளைப் படிக்கும்போதே சொல் எப்படி நடமாடுகிறது என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுகளும் உண்மையான பத்திரிகை, புத்தகம், பேச்சு இவற்றிலிருந்து திரட்டியவை. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், காலின்ஸ் மூன்றையும் போனில் இலவசமாகப் பார்க்கலாம், வாங்க வேண்டாம்.

சரி, எந்தச் சொற்களைப் படிப்பது? 'ஏ'யில் தொடங்கி 'ஸெட்' வரை போகிற பட்டியலை ஓரமாக வையுங்கள். கடற்கரையில் இருக்கிறீர்கள், உங்கள் ஊருக்கு மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு பாடம் இருக்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஆங்கிலத்திலும் வருகிறது, தமிழிலும் வருகிறது. வாக்கிய அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. காற்று கூடினால் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் கொடுக்கமாட்டார்கள், படகு போகாது. அதனால் நம் வீடுகளில் எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிற செய்தி.

மன்னார் வளைகுடாவுக்கு வரும் எச்சரிக்கையின் நடை இப்படி இருக்கும்: "ஸ்க்வாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 40–50 கே.எம்.பி.எச். கஸ்டிங் டு 60 கே.எம்.பி.எச். லைக்லி டு ப்ரிவெய்ல் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார் அண்ட் அட்ஜாய்னிங் கொமோரின் ஏரியா." அடுத்து, "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு தீஸ் ஏரியாஸ்." அதாவது, மன்னார் வளைகுடாவிலும் அதை ஒட்டிய குமரிக்கடல் பகுதியிலும் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் அங்கே போக வேண்டாம்.

தமிழ் அறிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று இருக்கும். அந்த 'இடையிடையே' நிற்கிற இடத்தில் ஆங்கிலத்தில் 'கஸ்டிங்' நிற்கிறது. கஸ்ட் என்றால் காற்று திடீரென்று ஒரு தூக்குத் தூக்கி அடங்குவது. எண்ணைப் பார்த்தாலே புரியும்: நிலையாக அடிப்பது 40–50, நடுநடுவே எகிறுவது 60. கடலுக்குப் போகிற அப்பா இருக்கிற வீட்டில் இதை விளக்கவே தேவையில்லை. 'அட்ஜாய்னிங்' என்பது 'அதை ஒட்டிய'. மண்டபத்தில் ஒரு பையன் உடனே "அவர் ஹவுஸ் அண்ட் தி அட்ஜாய்னிங் ஐஸ் ஃபேக்டரி" என்று ஆரம்பித்துவிட்டான். வாக்கியம் இன்னும் முடியவில்லை, ஆனால் சொல் சரியான இடத்தில் விழுந்துவிட்டது.

'வென்ச்சர்' இன்னும் நல்ல பாடம். நோட்டு அர்த்தம் 'துணிந்து செய்' என்றோ 'போ' என்றோ இருக்கும். அகராதிப் பொருளோ, ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்தும் ஓரிடத்துக்குப் போவது. கடைக்குப் போவதற்கு இந்தச் சொல் பொருந்தாது. எடுத்துக்காட்டுகளில் கூடவே 'இன்டு', 'அவுட்', 'பியாண்ட்' வருவதையும் கவனியுங்கள். இதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது, நட்டம் வரலாம் என்று தெரிந்தே இறங்கும் தொழில். வங்கித் தேர்வுக்குப் படிக்கும்போது 'ஜாயின்ட் வென்ச்சர்', அதாவது இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் தொழில், கண்ணில் படும். கடலோ வியாபாரமோ, உள்ளே இருப்பது அந்த ஆபத்துதான். இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு அர்த்தத்தைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

சொல்லோடு சேர்ந்து வரும் சொல்லையும் எழுதிவையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். தடை விதித்தால் 'இம்போஸ் எ பேன்', நடப்பில் இருந்தால் 'இன் ஃபோர்ஸ்', நீக்கினால் 'லிஃப்ட் தி பேன்'. ஏன் 'லிஃப்ட்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் காட்டுவேன். நடுப்பகுதி அப்படியே மேலே போகிறது, கப்பல் கீழே கடக்கிறது. தடை மேலே போகிறது, படகு கடலுக்குப் போகிறது. 'பேன்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிவைத்தவருக்கு இந்த மூன்றும் கிடைக்காது. வங்கித் தேர்வில் ஒரு பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் க்ளோஸ் டெஸ்டில் பல நேரம் கேட்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

இப்போது நான் மிகவும் நம்புகிற பயிற்சி. அகராதியைப் படிப்பதோடு நிற்காமல் நீங்களே பொருள் எழுதிப் பாருங்கள். நம் ஊர்ச் சொல்லை எடுத்து, எளிய ஆங்கிலத்தில், வெளியூர்க்காரர் ஒருவருக்குப் புரிகிற மாதிரி. அது என்ன வகை, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறு, இந்த இரண்டும் வந்தால் போதும்.

கருவாடு என்றேன். "ட்ரை ஃபிஷ்" என்றார்கள். தானாகக் காய்ந்ததா, நாம் காயவைத்ததா என்று கேட்டதும் "ஃபிஷ் தட் ஹேஸ் பீன் சால்டட் அண்ட் ட்ரைட் இன் தி சன்" என்று வந்தது. 'தட் ஹேஸ் பீன்' என்பதை இலக்கண வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. கருவாட்டில் ஏறிவிட்டது. வாடைக்கு "எ விண்ட் ஃப்ரம் தி நார்த்" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "சார், குளிரைச் சொல்லவே இல்லையே, எந்த மாசம்னும் சொல்லலையே" என்று சேர்த்து, "எ கோல்ட் விண்ட் தட் ப்ளோஸ் ஃப்ரம் தி நார்த் இன் தி வின்டர் மன்த்ஸ்" ஆக்கினாள். வல்லத்துக்கு "எ ஸ்மால் ஃபிஷிங் போட்" என்றபோது பெரிய சண்டையே வந்தது. வத்தையும் சின்னப் படகுதானே என்று கேட்டுவிட்டார்கள். நீளம், பாய், இன்ஜின், எத்தனை பேர் போவது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க 'லென்த்', 'செயில்', 'க்ரூ', 'கேரி' எல்லாம் வேலைக்கு வந்தன. அகராதி எழுதுகிறவர் ஏன் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைக்கிறார் என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவர்கள் பொருளைப் படிக்கிற விதமே வேறு.

இது கஷ்டமாக இருந்தால் முதலில் தமிழிலேயே செய்யுங்கள். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருளும், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். தெரிந்த சொல்லுக்கு எப்படிப் பொருள் சொல்கிறார்கள் என்று பார்த்தால், தெரியாத மொழியிலும் கை வரும்.

மறப்பதைப் பற்றிச் சுருக்கமாக. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே காட்டியது, படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் அடுத்த ஓரிரு நாளிலுமே போய்விடும் என்பது. அதனால் மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம், ஒரு மாதம் என்று திரும்பிப் பாருங்கள். பார்ப்பது என்றால் வாசிப்பது இல்லை. வாக்கியத்தில் சொல்லை விரலால் மறைத்து, அங்கே என்ன வரும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஐம்பது சொல் எழுதிவிட்டு வாக்கியம் எழுத நேரம் இல்லை என்றால் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவீர்கள்.

எழுதிய வாக்கியம் சரியா என்று யாரிடம் கேட்பது என்ற கவலை வரும். அகராதி வாக்கியத்தை மேலே வைத்து உங்களுடையதைக் கீழே வையுங்கள். 'அட்வைஸ்டு' பின்னால் 'நாட் டு' இருந்ததா, உங்களுடையதிலும் இருக்கிறதா? ஆளையும் இடத்தையும் மாற்றுங்கள், எலும்பை மாற்றாதீர்கள். இப்படி எழுதினால் முக்கால்வாசித் தப்பு வராது.

உச்சரிப்பை மட்டும் என் எழுத்தை நம்பிப் பழகாதீர்கள். மேலே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அது கிட்டத்தட்டத்தான். போனில் அகராதியைத் திறந்தால் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அதைத் தட்டிக் கேட்டுவிட்டு, உங்கள் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'வென்ச்சர்', 'கஸ்ட்' இரண்டையும் இன்றைக்கே கேட்டு, தொண்டிக் கடலை வைத்துச் சொல்லுக்கொரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.