சிஸ்டம் ஷாக் 2 இப்ப எடுத்து விளையாடினாலும் அந்தப் பயம் வருமா?

கேள்வி இதுதான்: "1999ல வந்த சிஸ்டம் ஷாக் 2 பத்தி எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றாங்க, ஆனா வீடியோ பாத்தா எல்லாம் பொம்மை மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. இப்ப புதுசா விளையாடறவனுக்கு நிஜமாவே பயம் வருமா, இல்ல பழைய ஆளுங்க பழச நெனச்சு உருகறாங்களா?"

பயம் வரும், அதுல சந்தேகமே வேணாம். 2025 ஜூன்ல ரீமாஸ்டர் வந்ததும் நான் மறுபடி முழுசா முடிச்சேன். கதை தெரியும், எந்த ரூம்ல யார் செத்துக் கிடப்பாங்கன்னு தெரியும், அப்பவும் சில கதவு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு சத்தம் கேட்டுட்டுதான் உள்ள போனேன். ஆனா வீடியோ பாத்து உங்களுக்கு ஒண்ணும் தோணலைங்கறதும் சரிதான். இந்த கேம்ல இருக்கற பயம் பாக்கறவன் கிட்ட வராது, கையில மவுஸ் வெச்சிருக்கறவன் கிட்டத்தான் வரும்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். வருஷம் 2114. ஒளியை விட வேகமா போற முதல் கப்பல் வான் ப்ரான், ட்ரைஆப்டிமம்ங்கற கம்பெனி கட்டினது, அதோட முதுகுல ரிக்கன்பேக்கர்னு ஒரு ராணுவக் கப்பல் ஒட்டிக்கிட்டு வருது. டௌ செட்டி 5ங்கற கிரகத்துல இருந்து ஒரு சிக்னல் வர, இறங்கிப் போய் பாத்தவங்க அங்க கெடந்த முட்டைங்கள கப்பலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. நீங்க கண்ணு முழிக்கறப்ப நினைவு பூரா அழிஞ்சு போயிருக்கு, உடம்புல யாரோ என்னென்னவோ இம்ப்ளாண்ட் வெச்சிருக்காங்க, கப்பல்ல பாதிப் பேர் செத்தாச்சு, மீதிப் பேர் வேற ஏதோ ஒண்ணா மாறிட்டாங்க. ரேடியோல டாக்டர் ஜானிஸ் பொலிட்டோன்னு ஒரு அம்மா மட்டும் "இங்க போ, அதைச் செய், நாலாவது டெக்குக்கு என்கிட்ட வந்து சேரு"ன்னு வழி சொல்லிட்டே இருப்பாங்க. அவ்வளவுதான் ஆரம்பம்.

இப்ப பயம் எங்கேர்ந்து வருதுன்னு சொல்றேன். என் கணக்குல அது பேயில இல்ல, ரத்தத்துல இல்ல, திடீர்னு கத்தற சீன்ல சுத்தமா இல்ல, பற்றாக்குறையில இருக்கு. அந்தப் பற்றாக்குறையும் நீங்களே உருவாக்கினதா இருக்கும். இது ஆர்பிஜி, அதாவது நம்ம ஆளோட திறமைய நாமளே தேர்ந்தெடுத்து வளக்கற வகை கேம்ங்கறதே அதுக்குத்தான். ஆரம்பத்துல மரைன், நேவி, ஓஎஸ்ஏ மூணுல ஒண்ணு எடுக்கணும், அதாவது துப்பாக்கிக்காரன், டெக்னிகல் ஆள், மனசாலயே நெருப்பு விடற சையானிக் ஆள். அப்புறம் வழியில கெடைக்கற சைபர் மாடியூல வெச்சு ஹேக்கிங், ரிப்பேர், ரிசர்ச், துப்பாக்கி வகை, உடம்பு வலுன்னு ஒவ்வொண்ணா ஏத்தணும். எல்லாத்தையும் ஏத்தற அளவுக்கு மாடியூல் கெடைக்காது. மாசக் கடைசியில பர்ஸ்ல இருக்கறத வெச்சு எதை வாங்கறது எதைத் தள்ளிப் போடறதுன்னு யோசிப்போமே, அந்த மனசோடதான் முழு கேமும் போகும்.

ரெண்டாவது டெக், அதாவது கப்பலோட ரெண்டாவது தளம், மெட்சைங்கற மருத்துவ ஆராய்ச்சிப் பகுதி, அங்க நடக்கற ஒரு விஷயத்தக் கிட்டக்கப் பாருங்க. கையில பிஸ்டல், உள்ள நாலஞ்சு குண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹைப்ரிட் காலை இழுத்து இழுத்து நடக்குது. ஹைப்ரிட்னா கப்பல்ல வேலை பாத்த ஆளுதான், அந்த முட்டையில இருந்து வந்த புழு உடம்புல ஏறி ஒட்டிக்கிட்டு அவனை ஓட்டிட்டு இருக்கு. கையில இரும்புக் குழாய் வெச்சிருப்பான், உங்களத் தேடி வருவான், வந்துக்கிட்டே "என்னைக் கொன்னுடு"ங்கற மாதிரி கெஞ்சுவான், அடிக்கறப்பவே மன்னிப்பும் கேப்பான். உள்ள இருக்கற மனுஷன் இன்னும் சாகலைன்னு அந்தக் கொரல்ல தெரியும். சரி, சுடலாம். சுட்டா குண்டு போச்சு, அதோட ஒவ்வொரு தடவ சுடறப்பவும் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமா பழுதாகும், பாதி சண்டையில டிரிகர அமுக்கினா டிக்குனு ஒரு சத்தம் மட்டும் வந்து உடைஞ்சு போயிடும். ரிப்பேர் ஸ்கில் இருந்தா சரி பண்ணலாம், ஆனா அந்த மாடியூல நீங்க ஹேக்கிங்ல போட்டுட்டீங்களே. அப்ப ரெஞ்சை எடுத்துட்டு நேரா போயி அடிக்கணும், அடிச்சா உங்களுக்கும் அடி விழும், மருந்து ஊசி ஒண்ணு போகும். கீழ விழுந்தவன் கிட்ட ஷாட்கன் இருந்தா சந்தோஷமா எடுப்பீங்க, அது உடைஞ்சதா இருக்கும், உள்ள இருக்கற ஒண்ணு ரெண்டு குண்டை மட்டும் உருவிக்கிட்டு துப்பாக்கிய அங்கயே போட்டுட்டு நடக்கணும். இது எல்லாம் நடக்கறப்ப கேம் நிக்கவே நிக்காது, பையைத் திறந்து தேடிட்டு இருக்கறப்பவும் நேரம் ஓடிட்டே இருக்கும், முதுகுக்குப் பின்னாடி எவனோ வந்துட்டே இருப்பான்.

அதனாலதான் சொல்றேன், அந்த முகம் கட்டம் கட்டமா இருந்தா என்ன, நீங்க அந்த நேரத்துல முகத்தவா பாத்துட்டு இருப்பீங்க, எத்தன குண்டு மிச்சம்னுதான் பாத்துட்டு இருப்பீங்க.

துப்பாக்கி உடையறது ரொம்ப ஓவர்னு அப்பவே நெறைய பேர் சண்டை போட்டாங்க, அப்புறம் வந்த பேட்ச்ல அதைக் குறைச்சுக்கவோ நிறுத்திக்கவோ வழி விட்டாங்க. கொஞ்சம் குறைச்சுக்கறது தப்பில்ல, நிஜத் துப்பாக்கி எதுவும் இவ்வளவு சீக்கிரம் போகாதுதான். ஆனா முழுசா நிறுத்திடாதீங்க, நிறுத்தினா இது ஒரு சாதாரண சுடற கேம் ஆயிடும், அந்த வகையில பாத்தா இதைவிட நல்லா சுடற கேம் 1999லயே இருந்துச்சு.

அடுத்தது சத்தம், இதுல நான் கொஞ்சம் கூடவே பேசுவேன். இது ஓடறது டார்க் எஞ்சின்ல, எஞ்சின்னா கேம ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், 1998ல லுக்கிங் கிளாஸ்ங்கற கம்பெனி பண்ண தீஃப் கேமுக்காக உருவானது. தீஃப்ல இருட்டுல ஒளிஞ்சு காவல்காரன் காலடிய வெச்சே அவன் எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கணும், அதுக்காக சத்தம் சுவரைத் துளைச்சுக்கிட்டு வராம கதவு வழியா தாழ்வாரம் வழியா சுத்தி வர்ற மாதிரி எஞ்சினக் கட்டியிருந்தாங்க. அதே எஞ்சின அப்படியே தூக்கி ஒரு செத்துப்போன கப்பலுக்குள்ள வெச்சா எப்படி இருக்கும்? கேமரா சுத்தற உர்ர் சத்தம் எந்தப் பக்கம்னு காதாலயே கணக்குப் போட்டு அது நம்மள முழுசா கண்டுபிடிச்சு அலாரம் அடிக்கறதுக்குள்ள உடைக்கணும். மூளையத் திறந்து வெச்ச குரங்குங்க கிறீச்சிடும், அதுங்க மேல கப்பல்ல சோதனை பண்ணிட்டு இருந்தாங்க, இப்ப அதுங்களே மனசால தாக்குது. மிட்வைஃப்னு ஒண்ணு வரும், பாதி பொம்பள பாதி மெஷின், முட்டைங்களப் பாத்துக்கற வேலை, குழந்தைங்களத் தாலாட்டற மாதிரி மெதுவா பேசிட்டே வரும். அந்தக் கொரல் தூரத்துல கேட்டாலே நான் வந்த வழியே திரும்பிப் போயிருக்கேன்.

சத்தத்துக்குப் பொறுப்பா இருந்தவர் எரிக் ப்ரோஷியஸ், ஷோடான்ங்கற வில்லி ஏஐக்குக் கொரல் கொடுத்த டெரி ப்ரோஷியஸ் அவரோட மனைவி, ரெண்டு பேரும் ஒரே ராக் பேண்ட்ல இருந்தவங்க. ஒரு விஷயம் மட்டும், பின்னணி இசை சில இடத்துல டம் டம்னு டான்ஸ் பாட்டு மாதிரி ஓடும். சில பேருக்கு அதுதான் உயிரு, எனக்கு ஒத்து வராது. ஆப்ஷன்ல போயி மியூசிக்க நிறுத்திட்டு சத்தத்த மட்டும் வெச்சு ஹெட்போன்ல விளையாடிப் பாருங்க, கப்பலே வேற மாதிரி ஆயிடும்.

செத்தவங்க விட்டுட்டுப் போன ஆடியோ லாக்தான் கதை சொல்லும். இன்னைக்கு எல்லா கேம்லயும் இது இருக்கு, அதனால சாதாரணமா தெரியலாம், ஆனா இதுல அது வெறும் அலங்காரம் இல்ல, கதவுக்கான நம்பர் கூட அதுலதான் இருக்கும், கேக்காம போக முடியாது. கம்பெனிப் பெரிய மனுஷன் கொரெஞ்ச்கின் லாகுங்கள வரிசையாக் கேளுங்க. மொதல்ல இந்தக் கண்டுபிடிப்புல எவ்வளவு லாபம் வரும்னு பேசற ஆளு, கொஞ்சம் கொஞ்சமா அந்தப் புழுக்கூட்டத்தோட பாட்டுல கரைஞ்சு, கடைசியில அதுங்க வாயா மாறிடுவான். இன்னொரு பக்கம் டாமி, ரெபெக்கான்னு ஒரு ஜோடி, ஒருத்தரை ஒருத்தர் தேடி டெக் டெக்கா ஓடறாங்க, நீங்க போற ஒவ்வொரு இடத்துலயும் அவங்க கொஞ்சம் முன்னாடிதான் தாண்டிப் போயிருப்பாங்க. அவங்க உயிரோட இருக்கணும்னு மனசு அடிச்சுக்கும்.

அடுத்த பத்தியில கதையோட பெரிய திருப்பம் வருது, விளையாடப் போறவங்க அதைத் தாண்டிப் போயிடுங்க.

நாலாவது டெக்குல பொலிட்டோ ஆபீஸுக்கு ஒரு வழியா வந்து சேருவீங்க. அந்த அம்மா நாற்காலியில உக்காந்திருக்காங்க, செத்து ரொம்ப நாளாச்சு. சுவரெல்லாம் விலகி ஷோடான் முகம் வருது, 1994ல வந்த மொதல் கேம்ல சிட்டடல் ஸ்டேஷனையே கொன்ன அதே ஏஐ. இவ்வளவு நேரம் ரேடியோல பேசினது அதுதான். இது வெறும் கதைத் திருப்பம்னா ஒரு தடவைக்கு மேல வேலை செய்யாது. ஆனா அந்தக் கொரல் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் பரிசா சைபர் மாடியூல் வந்துச்சு, நீங்க இப்ப என்ன ஸ்கில் வெச்சிருக்கீங்களோ அதுல பாதி அது போட்ட பிச்சை. அதுக்கப்புறமும் அது சொல்றதத்தான் செய்யணும், ஏன்னா புழுக்கூட்டத்த அழிக்கணும்னா வேற துணை கெடையாது, மாடியூலும் அது கிட்டத்தான் இருக்கு. எதிரி கிட்ட சம்பளம் வாங்கிட்டு வேலை செய்யறோம்னு தெரிஞ்சே மீதி கேம ஓட்டணும். தெரிஞ்சு விளையாடறப்ப ஆரம்பத்துல பொலிட்டோ பேசற ஒவ்வொரு வார்த்தையும் வேற மாதிரி கேக்கும், அதுல ஒரு எரிச்சல், ஒரு அவசரம், மனுஷங்க மேல ஒரு அலட்சியம். மொதல் தடவ அது என் காதுல விழவே இல்ல.

இதை எடுத்தவங்க லுக்கிங் கிளாஸும் இர்ரேஷனல் கேம்ஸும் சேந்து. கென் லெவின், ஜோனதன் சே, ராபர்ட் ஃபெர்மியர் மூணு பேரும் லுக்கிங் கிளாஸ்ல இருந்து வெளிய வந்து ஆரம்பிச்ச சின்ன கம்பெனி இர்ரேஷனல், அவங்களோட மொதல் கேமே இதுதான். கென் லெவின் பின்னாடி 2007ல பயோஷாக் எடுத்தப்ப இதோட எலும்புக்கூடுதான் அங்க இருந்துச்சு. லுக்கிங் கிளாஸ் 2000 மே மாசம் மூடியாச்சு, பேர் ஒரு பக்கம் உரிமை ஒரு பக்கம்னு ஆகி, உரிமை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி கிட்ட போய்ச் சேந்துச்சு. பல வருஷம் இதைக் காசு கொடுத்து வாங்கவே வழி இல்ல, பழைய டிஸ்க் வெச்சிருந்தாலும் புது விண்டோஸ்ல ஓடாது. 2012ல பேர் சொல்லாத ஒருத்தர் எஞ்சினையே சரி பண்ண ஒரு பேட்ச நெட்ல போட்டுட்டுப் போனாரு. அதே சமயம் ஸ்டீபன் கிக்னு ஒருத்தர் இந்த கேம விளையாட முடியலயேன்னு தேடிப் போயி அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி கிட்டயே பேசி உரிமை வாங்கி, 2013ல ஜிஓஜிங்கற கேம் விக்கற சைட்ல திரும்ப விட்டாரு. நைட்டைவ் ஸ்டூடியோஸ் பொறந்த கதை அதுதான். ரசிகர்கள் பிடிவாதமா இருந்ததாலதான் இந்த கேம் இன்னைக்கு நம்ம கையில இருக்கு, அதுக்கு எத்தன நன்றி சொன்னாலும் பத்தாது.

குறை இல்லையான்னா இருக்கு. எஞ்சினியரிங் டெக் ஒரே மாதிரி தாழ்வாரமா சுத்த விடும். சுத்தம் பண்ண இடத்துல எதிரிங்க திரும்பத் திரும்ப வருவாங்க. கடைசிப் பகுதி, அந்தப் புழு உடம்புக்குள்ள போற இடம், அவசரமா முடிச்ச மாதிரியே இருக்கு. கிளைமாக்ஸ் சண்டையும் முடிவு வீடியோவும் இவ்வளவு கட்டி எழுப்பினதுக்கு ஈடே இல்ல. ஆறு டெக்கும் ரிக்கன்பேக்கரும்தான் கேம்னு வெச்சுக்கோங்க.

புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா ரீமாஸ்டரே போதும், பழைய வெர்ஷனும் ரசிகர்கள் பண்ண மோடுங்களும் தேடி அலைய வேணாம், மாடல், அனிமேஷன் மாதிரி விஷயங்க மெருகேறியிருக்கு, கணக்கு அதே கணக்குதான். மொதல் தடவ நேவி எடுங்க, ஹேக்கிங்கும் ரிப்பேரும் கைவசம் இருக்கும், கடை மெஷின ஹேக் பண்ணி விலையக் குறைக்கலாம். ஓஎஸ்ஏ ரெண்டாவது தடவைக்கு வெச்சுக்கோங்க, அதுல ஆரம்பம் ரொம்பக் கஷ்டம். ரிசர்ச்ல கொஞ்சமாவது போடுங்க, செத்ததுங்க உறுப்பை எடுத்து ஆராய்ச்சி பண்ணா அந்த வகை மேல உங்க அடி பலமாகும், அதுக்கு வேண்டிய கெமிக்கல டெக் டெக்கா இருக்கற ஸ்டோர் ரூம்ல தேடி எடுக்கணும், வனேடியம் எந்த டெக்குல பாத்தோம்னு யோசிச்சு லிஃப்ட்ல திரும்பிப் போறதே ஒரு தனி அனுபவம். குண்டு வகையையும் பாத்துப் போடுங்க, ரோபோக்கு ஆர்மர் பியர்ஸிங், சதைக்கு ஆன்டி பெர்சனல், மாத்திப் போட்டா வீண். நண்பனோட சேந்து கோ ஆப்ல விளையாடலாம், நல்லாவே இருக்கும், ஆனா மொதல் தடவ மட்டும் தனியா போங்க, பக்கத்துல ஒருத்தன் பேசிட்டே வந்தா அந்த மிட்வைஃப் வர்ற சத்தம் உங்களுக்குக் கேக்கவே கேக்காது.